கீஹோலா, ஓப்பனா என்று மட்டும் கேட்காதீங்க அக்கா

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம்ம பக்கத்தில், நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ குளச்சலோ எங்கே என்றாலும், வீட்டில் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். கீஹோலா, ஓப்பனா? அதாவது சின்னத் துளை போட்டா, வயிற்றை வெட்டித் திறந்தா? கூடவே இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, திருவனந்தபுரத்துக்குப் போனால் ரோபோவில் பண்ணலாமாமே என்று. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல், பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பையை எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. இந்த எல்லாவற்றுக்கும் மூத்த முறை அதுதான். அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, தியேட்டர் நர்ஸ். பல வருடமாக இந்த ஆபரேஷன்களில் கருவி எடுத்துக் கொடுத்து, ஊசி நூல் எண்ணி, முடிந்தபின் அவர்களை வார்டுக்கு அனுப்பி வைத்துப் பழகியவள். சொந்தக்காரர்கள், சர்ச்சில் தெரிந்தவர்கள், அக்கம்பக்கத்து மைனிமார் எல்லோரும் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

முறைக்குப் போவதற்கு முன்னால், எடுக்கத்தான் வேண்டுமா என்பதைக் கேளுங்கள். நாற்பது வயதைத் தாண்டினதும் தீட்டு அதிகமாகப் போகிறது, ஸ்கேனில் ஃபைப்ராய்டு (புற்றுநோய் அல்லாத கட்டி) தெரிகிறது என்றவுடன் "இனி எதுக்கு அது, எடுத்துப் போட்டிரு" என்று வீட்டில் உள்ளவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ரத்தப்போக்கைக் குறைக்கிற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைத்தால் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்கிற மிரெனா என்ற ஹார்மோன் காயில், கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகிற ரத்தக்குழாயை அடைப்பது என்று எத்தனையோ வழி நடுவில் இருக்கிறது. தொந்தரவு தராத சின்னக் கட்டியை ஒன்றும் செய்யாமல் விட்டாலே போதும், மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குள்ளேயே நூற்றுக்கு மூன்று பெண்களுக்கு மேல் கர்ப்பப்பையை இழந்திருக்கிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தனியார் மருத்துவமனைகளில். தேவையில்லாமல் எடுப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த அளவுக்குப் போன விஷயம் இது. அதனால் இன்னொரு டாக்டரிடம் ஒரு தடவை காட்டுவதில் தப்பே இல்லை, அதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

சரி, எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

கீழ் வழியாக எடுப்பதை வஜைனல் ஹிஸ்டரெக்டமி என்பார்கள். ஜெர்மனியில் லாங்கன்பெக் என்ற மருத்துவர் 1813-இலேயே இப்படி ஒரு பெண்ணுக்குச் செய்திருக்கிறார், அதுவும் மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முப்பது வருடத்துக்கும் மேல் முன்னால், அந்தப் பெண் பிழைத்துப் பல வருடம் வாழ்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். இப்போது முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு, கால் இரண்டையும் தூக்கி வைத்துச் செய்கிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கர்ப்பப்பை வாயைச் சுற்றி வட்டமாகக் கீறி, முன்னால் மூத்திரப்பையை மெதுவாக மேலே தள்ளிவிட்டு, கர்ப்பப்பையைத் தாங்குகிற தசைநார்களையும் ரத்தக்குழாய்களையும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் முழுசாக வெளியே வந்துவிடும். பிறப்புறுப்பு வழியின் மேல் முனையைத் தைத்து (தியேட்டரில் அதை வால்ட் என்போம்), பின்னாளில் அது இறங்கிவிடாதபடி பக்கத்துத் தசைநாரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கை பழகின டாக்டர் செய்யும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கே எப்போது முடிந்தது என்று தோன்றும்.

இந்த முறைக்கு வயிற்றுக்குள் கேஸ் ஏற்ற வேண்டாம், கேமரா வேண்டாம், தலைகீழாகச் சாய்க்க வேண்டாம். விலை கூடிய கருவி எதுவும் கட்டாயமில்லை. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா என்று முழு மயக்கம் கொடுக்கத் தயங்குகிற உடம்புக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

அப்படியானால் ஏன் யாரும் கேட்பதில்லை? நம்மிடம் மூன்று தப்பான எண்ணம் ஊறிக் கிடக்கிறது.

கர்ப்பப்பை இறங்கி வெளியே தள்ளினால்தான் கீழ் வழியாக எடுக்க முடியும் என்பது முதலாவது. இறங்காத கர்ப்பப்பையையும் இப்படி எடுக்கலாம், அதற்கு என்டிவிஹெச் என்று பெயர், மும்பையின் ஷிரிஷ் ஷேத் போன்ற மருத்துவர்கள் நம் நாட்டில் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்து, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர்கள். இரண்டாவது, சிசேரியன் ஆனவர்களுக்கு முடியாது என்பது. சிசேரியன் தழும்பால் மூத்திரப்பை ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சிரமம் வரலாம், கவனம் கூடத் தேவை, ஆனால் சிசேரியன் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. மூன்றாவது கட்டியின் அளவு. 12 வாரக் கர்ப்பம் அளவு வரை, எடையில் ஏறக்குறைய 280 கிராம் வரை கீழ் வழியாக எடுக்கலாம் என்பது பழைய கணக்கு, அனுபவமுள்ளவர்கள் அதைவிடப் பெரியதையும் உள்ளேயே இரண்டாகப் பிளந்தோ துண்டு துண்டாகவோ எடுத்துவிடுகிறார்கள்.

முடியாத நேரமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) முற்றி குடலும் கர்ப்பப்பையும் ஒட்டிக் கிடந்தால், சினைப்பையில் சந்தேகமான கட்டி இருந்தால், வழி மிகக் குறுகலாக இருந்தால், கர்ப்பப்பை பெரிதாகி அசையவே மாட்டேன் என்று நின்றால், மேலே இருந்து கண்ணால் பார்த்துச் செய்வதுதான் நல்லது. அங்கேதான் லேப்ராஸ்கோபி, அதாவது கீஹோல், வேண்டும்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட பரிந்துரையில், முடிகிற இடத்திலெல்லாம் வஜைனல் முறையையே முதலில் எடுங்கள், அது முடியாதபோது வயிற்றைத் திறப்பதைவிட லேப்ராஸ்கோபி நல்லது என்று சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே, 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 47 ஆய்வுகளை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தோடு சேர்த்துப் பார்த்தது. வஜைனல் முறையில் வேலைக்குத் திரும்புவது ஓப்பனைவிட விரைவு, வஜைனலைவிட லேப்ராஸ்கோபியால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை, லேப்ராஸ்கோபியைவிட ரோபோவாலும் கூடுதல் நன்மை தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. எந்தக் கருவியையும் விற்கிறவர்கள் சொன்ன கணக்கு இல்லை இது.

லேப்ராஸ்கோபிக்கு வருவோம். நம்ம ஊரில் கீஹோல், ஓட்டை போட்டுப் பண்றது, கம்ப்யூட்டர் ஆபரேஷன் என்று என்னென்னவோ பெயர். தொப்புளில் ஒன்றும் அடிவயிற்றில் இரண்டு மூன்றுமாகச் சின்னத் துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, கேமராவை உள்ளே விட்டு டிவியில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். அந்த வாயு தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியே போய்விடும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். குடல் மேலே விலகி நிற்பதற்காகத் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி வைப்பார்கள், முழு மயக்கம்தான் வழக்கம். கர்ப்பப்பை கடைசியில் பெரும்பாலும் கீழ் வழியாகத்தான் வெளியே வரும் என்பது பலருக்குத் தெரியாது! அமெரிக்காவில் ஹாரி ரீக் என்ற மருத்துவர் 1988-இல் முதன்முதலாக இப்படிச் செய்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் எல்ஏவிஹெச் என்று இருந்தால் மேல் பாதியை லேப்ராஸ்கோபியிலும் மீதியைக் கீழ் வழியாகவும் செய்தது, டிஎல்ஹெச் என்றால் எல்லாக் கட்டுகளையும் மேலிருந்தே வெட்டி எடுத்தது.

லேப்ராஸ்கோபி வந்தது எவ்வளவு பெரிய நன்மை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வயிற்றில் நீளமாக வெட்டித் தைத்து, இருமினால்கூட வலியில் துடித்து, தையலில் சீழ் வைத்து மறுபடி வந்து படுத்தவர்களைப் பார்த்தவள் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டர் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது, ஒட்டினதைப் பிரிக்க முடிகிறது, சினைப்பையைச் சரியாக ஆராய முடிகிறது, மறுநாளே பெண் எழுந்து நடக்கிறாள்.

ஆனால் "சின்ன ஓட்டைதானே" என்று நினைக்கிறபடி அது சின்ன ஆபரேஷன் இல்லை. சிறுநீரகத்திலிருந்து மூத்திரம் கொண்டுவருகிற யூரெட்டர் குழாய், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவருகிற தமனிக்குச் சரியாகக் கீழே, கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. லேப்ராஸ்கோபியில் கட்டுவதற்குப் பதிலாக மின்சாரச் சூட்டால் கருக்கி வெட்டுவார்கள். அந்தச் சூடு கொஞ்சம் பரவினாலும் யூரெட்டரோ குடலோ அப்போது நன்றாக இருப்பதுபோலத் தெரிந்து, சில நாள் கழித்து ஓட்டை விழலாம். 2004-இல் வெளியான இவாலுவேட் என்ற பெரிய ஆய்வில், வயிற்றைத் திறந்து செய்த குழுவில் பெரிய சிக்கல் வந்தது 6.2 சதவீதம், லேப்ராஸ்கோபி குழுவில் 11.1 சதவீதம், வலி மட்டும் லேப்ராஸ்கோபியில் குறைவு. அதே ஆய்வில் வஜைனலோடு ஒப்பிட்ட பகுதியில் சிக்கல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், நேரம்தான் வேறு. வஜைனலுக்கு 39 நிமிடம், லேப்ராஸ்கோபிக்கு 72 நிமிடம். இருபது வருடத்துக்கு முந்தைய கணக்கு அது, கருவிகளும் கைப்பழக்கமும் அதன்பிறகு நிறைய முன்னேறியிருக்கின்றன. அதனால் கேட்க வேண்டியது மெஷின் எந்தக் கம்பெனி என்பது இல்லை, செய்கிறவர் இதை வாரா வாரம் செய்கிறவரா என்பதுதான்.

ஒரு சின்ன விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்துபோகிறார்கள். லேப்ராஸ்கோபிக்குப் பிறகு சிலருக்கு வயிற்றைவிடத் தோள்பட்டை வலிக்கும். மிச்சமிருக்கிற வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. ஹார்ட் அட்டாக்கோ என்று அலறி அடித்து ஓடிவந்தவர்கள் உண்டு. எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ சேர்ந்திருந்தால் அது வேறு, உடனே காட்ட வேண்டும்.

பெரிய கட்டி உள்ள கர்ப்பப்பையைச் சின்னத் துளை வழியாக எடுக்க மார்செலேட்டர் என்ற சுழலும் கத்தியால் வயிற்றுக்குள்ளேயே துருவி எடுக்கும் பழக்கம் இருந்தது. ஃபைப்ராய்டு என்று நினைத்தது அரிதாக சார்கோமா என்ற புற்றுநோயாக இருந்துவிட்டால், துருவும்போது அது வயிறு முழுக்கச் சிதறிவிடும். ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் செய்கிற 350 பெண்களில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று 2014-இல் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. இதனால் கட்டி பெரியது என்றால் "எப்படி வெளியே எடுப்பீங்க, பைக்குள் போட்டுத்தானே வெட்டுவீங்க" என்று தயங்காமல் கேளுங்கள். கொஞ்ச வயதில் உள்ளவர்களைவிட, மாதவிடாய் நின்றபிறகு கட்டி வளர்கிறது என்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ரோபோ பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ரோபோ தானாக ஆபரேஷன் பண்ணாது, டாக்டர் பக்கத்தில் ஒரு கன்சோலில் உட்கார்ந்து கையால் இயக்குவார், உள்ளே கருவியின் நுனி மணிக்கட்டுபோல வளையும், பார்வை முப்பரிமாணத்தில் இருக்கும். இதுவும் லேப்ராஸ்கோபிதான், டாக்டரின் கைக்கு வசதி கூடுதல். அமெரிக்காவில் 2007-இல் 0.5 சதவீதமாக இருந்த ரோபோ முறை 2010-இல் 9.5 சதவீதமாக ஏறியது, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தை அலசி 2013-இல் வந்த ஆய்வில், சிக்கல் லேப்ராஸ்கோபிக்குச் சமமாகவும் செலவு ஒரு ஆளுக்கு 2,189 டாலர் கூடுதலாகவும் இருந்தது. உடல் பருமன் மிக அதிகமானவர்களுக்கும், கர்ப்பப்பையின் உள்பக்கப் புற்றுநோய் உள்ள சிலருக்கும், வயிற்றைத் திறக்காமல் முடிக்க அது உதவுவதுண்டு. சாதாரண ஃபைப்ராய்டுக்காக நகையை அடகு வைத்து, வளைகுடாவில் இருக்கிற மகனிடம் கடன் வாங்கச் சொல்லி ரோபோவுக்குப் போக வேண்டாம். மனதார இதைச் சொல்கிறேன்.

வி-நோட்ஸ் என்று ஒன்று இப்போது வந்திருக்கிறது, கேமராவையே கீழ் வழியாக உள்ளே விட்டுச் செய்வது. வஜைனலின் தழும்பில்லாத நன்மையும் லேப்ராஸ்கோபியின் பார்வையும் சேர்ந்தது. பெல்ஜியத்தில் செய்த ஆய்வில் லேப்ராஸ்கோபிக்குக் குறைவில்லாமல் வந்திருக்கிறது. பயிற்சி எடுத்தவரிடம் மட்டும்.

புற்றுநோய் என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப நிலைக்குச் செய்கிற பெரிய ஆபரேஷனில் கீஹோல்தான் நல்லது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் வந்த லாக் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது: நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஓப்பனில் 96.5 சதவீதம், லேப்ராஸ்கோபி அல்லது ரோபோவில் 86 சதவீதம். அதனால் திருவனந்தபுரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.யிலோ வேறெங்கோ இந்த நோய்க்கு வயிற்றைத் திறந்தே செய்யலாம் என்று சொன்னால், பழைய முறையில் பண்ணப் பார்க்கிறார்கள் என்று எண்ணி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். கர்ப்பப்பையின் உள்பக்கப் புற்றுநோய் வேறு, ஆரம்ப நிலையில் அதற்கு லேப்ராஸ்கோபி ஓப்பனுக்கு இணையாகவே இருக்கிறது. இரண்டையும் நம் ஆட்கள் "கர்ப்பப்பை கேன்சர்" என்று ஒன்றாகச் சொல்வதால், எது என்று ரிப்போர்ட்டில் பார்த்துத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

கீஹோல் என்று உள்ளே போய் நடுவில் ஓப்பன் ஆக்கினால், டாக்டர் கெடுத்துவிட்டார் என்று வீட்டார் சண்டைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் நிற்கவில்லை, ஒட்டல் பிரியவில்லை என்று தெரிந்ததும் நேரத்தோடு திறக்கிற டாக்டர் உயிரைக் காப்பாற்றுகிறார். கையெழுத்துப் போடும்போதே இந்த வாய்ப்பு இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அதைக் கணவர் மட்டும் வாசித்து ஒப்பமிடாமல், ஆபரேஷன் ஆகப்போகிற பெண்ணும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

சினைப்பை பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பப்பையோடு அதையும் எடுத்தால் மறுநாளிலிருந்தே மாதவிடாய் நின்ற நிலை, உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, எலும்புத் தேய்வு, இதயத்துக்கும் பாதிப்பு. வயது கம்மி, சினைப்பை நன்றாக இருக்கிறது, குடும்பத்தில் அந்த வகைப் புற்றுநோய் இல்லை என்றால் அதை வைத்துவிடுங்கள் என்று கேட்கலாம். சினைக்குழாயை மட்டும் எடுப்பது பின்னாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதால் பலர் அதைச் சேர்த்து எடுக்கிறார்கள். வஜைனல் முறையிலும் பெரும்பாலும் எடுக்க முடியும், லேப்ராஸ்கோபியில் சுலபம்.

எனக்கு அதிகம் மனம் வலிக்கிற இடம் ஆபரேஷனுக்குப் பிந்தின நாட்கள். கடற்கரைப் பக்கத்துப் பெரியம்மா ஒருத்தர் என்னிடம் கேட்டது: "மக்களே, கீஹோல்ல பண்ணினா ஒரு வாரத்தில வேலைக்குப் போலாம்னு சொல்லுதாங்களே, உள்ளதா?" மீன் வாங்கித் தலையில் சுமந்து வீடு வீடாக விற்கிறவர். வெளியே தழும்பு தெரிகிறதோ இல்லையோ, உள்ளே வெட்டித் தைத்தது எல்லா முறையிலும் ஒன்றுதான். வால்ட் தையல் உறுதிப்பட ஆறு வாரமாவது வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் போகலாம், டாக்டர் சரி என்றால். மீன் சுமப்பது, அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு இருப்பது, விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போய்ப் பால் வாளியோடு ஏற்றம் இறங்குவது, கிணற்றில் தண்ணீர் இறைப்பது, இதெல்லாம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஆகாது. வயிற்றில் பெரிய தழும்பு இருந்த காலத்தில் மாமியாரும் கணவரும் பார்த்துப் பரிதாபப்பட்டு உட்கார வைத்தார்கள். தழும்பே தெரியாதபோது "அதான் ஒண்ணுமில்லையே" என்று மூன்றாம் நாள் அடுக்களைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தழும்பில்லாத முறையைப் பரிந்துரைக்கிற நான் இதை வீட்டு ஆண்களிடம்தான் முதலில் சொல்வேன்.

உடலுறவும் அப்படித்தான், எட்டு வாரமாவது தள்ளிவைக்க வேண்டும், சில டாக்டர்கள் பன்னிரண்டு வாரம்கூடச் சொல்வார்கள். லேப்ராஸ்கோபியிலும் ரோபோவிலும் சூட்டால் வெட்டுவதால் வால்ட் தையல் பிரிகிற ஆபத்து மற்ற முறைகளைவிடக் கொஞ்சம் கூடுதல், பிரிந்தால் குடல் இறங்கிவருகிற அளவுக்குப் போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடப்பதுண்டு. மலச்சிக்கல் வந்து முக்கினாலும் தையலுக்கு நல்லதில்லை, கஞ்சியும் பயறும் கீரையும் தண்ணீரும், கிடைத்தால் ஒரு மட்டிப்பழமும் என்று சாப்பிட்டால் போதும்.

வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு நாளும் நேற்றைவிட இன்று நன்றாக இருக்க வேண்டும். கீஹோல் முடிந்து மூன்றாம் நாள் நான்காம் நாள் வலி கூடுகிறது, வயிறு உப்புகிறது, வாந்தி வருகிறது என்றால் குடலில் ஏதோ ஆகியிருக்கலாம், கேஸ் என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்காமல் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள். மூத்திரம் தானாகச் சொட்டுச் சொட்டாக வடிந்து துணி நனைந்துகொண்டே இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அது யூரெட்டரிலோ மூத்திரப்பையிலோ ஓட்டை விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம், சரிசெய்யக்கூடியதுதான். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, பேட் நனையும் அளவுக்கு ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவையும் அப்படியே.

டாக்டரிடம் என்ன கேட்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் "எனக்குக் கீழ் வழியா எடுக்க முடியுமா டாக்டர், முடியாதுன்னா எதனால" என்று கேளுங்கள். காரணத்தோடு பதில் வந்தால், உங்களுக்குக் கட்டி இந்த இடத்தில் இருக்கிறது, இந்த ஒட்டல் இருக்கிறது என்று விளக்கினால், அவர் சொல்கிற முறையை நம்பிப் போகலாம். "இப்ப யாரும் அப்படிப் பண்றதில்ல" என்று மட்டும் பதில் வந்தால் அது காரணமே இல்லை, அவர் அந்த முறையில் பழகாதவராக இருக்கலாம், பழகின இன்னொருவரைத் தேடுவது உங்கள் உரிமை. அதே சமயம் வஜைனலில் பழக்கமில்லாதவரை வற்புறுத்தி அதைச் செய்ய வைக்காதீர்கள். நல்ல லேப்ராஸ்கோபி சர்ஜன் கையில் லேப்ராஸ்கோபி, நல்ல வஜைனல் சர்ஜன் கையில் வஜைனல். எவரெஸ்ட் ஏறப்போன இங்கிலாந்து டாக்டர் சாமர்வெல் வந்து கத்தி பிடித்த நெய்யூர் நம்ம மாவட்டத்தில் இருக்கிறது, ஆபரேஷனும் நர்ஸ் வேலையும் நமக்குப் புதுசு இல்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு நர்ஸ் இருக்கிறாள், அவளிடம் "அந்த டாக்டர் எதுல கை தேர்ந்தவர்" என்று கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

பணத்துக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. எந்த முறைக்கு எவ்வளவு, முன் அனுமதி எப்படி என்பதை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ நீங்கள் போகிற ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரிலோ அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். திருவனந்தபுரம் போவதென்றால் அந்த அட்டை அங்கே செல்லுமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

கடைசியாக ஒன்று. எடுத்த கர்ப்பப்பையை பயாப்சிக்கு அனுப்புவார்கள். தையல் ஆறிவிட்டது, வலி இல்லை என்று பலர் அந்த ரிப்போர்ட்டை வாங்கவே போவதில்லை. போய் வாங்குங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த முறையில் செய்தார்கள், கர்ப்பப்பை வாயை எடுத்தார்களா, சினைப்பையும் குழாயும் எடுத்தார்களா வைத்தார்களா என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லி, இரண்டையும் போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வையுங்கள். பத்து வருடம் கழித்து இன்னொரு டாக்டர் "என்ன எடுத்தாங்க" என்று கேட்கும்போது "தெரியாது, கர்ப்பப்பை ஆபரேஷன்" என்று மட்டும் சொல்கிற பெண்கள் எங்கள் வார்டுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.